வேலைத்தலத்தில் பாலியல் தொல்லை: விலகல் கடிதம் எழுதும் முன்

இலங்கை மலையகத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, தேயிலைத் தொழிற்சாலையிலோ, அட்டன் நகரக் கடையொன்றிலோ பாலியல் தொல்லைக்கு ஆளாகும் ஒரு பெண், முறையிடுவதா வேலையை விடுவதா என்று தவிக்கும்போது அறியவேண்டிய முதல் விடயம், விலகினாலும் அவர் உழைத்துச் சேர்த்த பணம் போய்விடாது என்பதாகும். ஊழியர் சேமலாப நிதி (EPF) அவர் பெயரிலேயே இருக்கும், ஆனால் பொதுவாகப் பெண்கள் 50 வயதான பின்னரே அதைப் பெறலாம். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, தாமாக விலகினாலும் பணிக்கொடை (சேவைக்காலத்துக்கான மொத்தத் தொகை) உண்டு. நாட்சம்பளக்காரருக்கு அது ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளமாகும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொல்லையை 5 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. வேலைத்தலத்தில் அதிகாரம் உள்ளவர் செய்வதையும் அது வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது. ஆகவே வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ கணக்குப்பிள்ளையோ மேலே கை வைத்திருந்தால்தான் முறைப்பாடு செய்யலாம் என்று எண்ணுவது தவறு. வேலையை விட்ட பின்னரும் பொலிஸில் முறையிடலாம். வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பமிடாதீர்கள்.

கூடுதல் கவனம் தேவைப்படுவது விலகல் கடிதத்தில்தான். தொல்லை தாங்காமல் வெளியேறுவதை, தொழில்தருநரே வேலையிலிருந்து நீக்கியதற்குச் சமமாகக் கருதும்படி வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் வாதிடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியையே சேரும். அலுவலகத்தில் எழுதித் தரும் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்ற வரியில் கையொப்பமிட்டால் அந்த வாதம் வெகுவாகப் பலவீனமடையும் என்பதால், உண்மைக் காரணத்தையே எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சபைக்கான மனுவை, வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

நடந்த நாள், மலை நம்பர் (கொழுந்து பறித்த தேயிலை மலையின் இலக்கம்), பக்கத்து நிரையில் நின்றவர் யார் என்பவற்றை அன்றே குறித்து வைப்பது நல்லது. இணங்க மறுத்த மறுநாளே கொழுந்தின் நிறையைக் குறைத்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டிருந்தால், அந்தச் சம்பளச் சிட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பழிவாங்கியதைக் காட்ட அது உதவும்.

லயத்தில் (தோட்டத்தின் வரிசை வீடுகளில்) குடியிருப்போருக்கு வேலையோடு வீடும் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால் முடிவெடுக்கும் முன் தொழிற்சங்கத்திடமோ தொழில் அலுவலகத்திடமோ பேசுங்கள். சங்கத்தின் தோட்டத் தலைவரே தொல்லை தருபவரின் உறவினராக இருந்தால், 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.