பொதுநல வழக்கு: சொல்லும் பொருளும்

தனக்கு மட்டும் வந்த நட்டத்துக்காக இல்லாமல், ஊருக்கே வந்த கேட்டைத் தடுக்கச் சொல்லி நீதிமன்றம் போவதுதான் பொதுநல வழக்கு. வழமையான வழக்கில் முதல் கேள்வியே "இதில் உமக்கென்ன பாதிப்பு" என்பதுதான். எங்கள் வன்னியின் கனகராயன் ஆற்றில் இரவிரவாக டிப்பரில் மணல் ஏறுகிறது, கரை சரிகிறது, பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் கீழே போகிறது என்று வையுங்கள். ஆறு யாருடைய காணி உறுதியிலும் இல்லை, அப்போ யார் போய் வழக்காடுவது?

ஆங்கிலத்தில் இதற்கு 'பப்ளிக் இன்ரறஸ்ற் லிற்றிகேஷன்' என்று பெயர். இந்தப் பெயர் அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் உருவான சட்ட இயக்கத்திலிருந்து வந்தது. எங்கள் பக்கம் பரப்பியது இந்தியா. பீகார்ச் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்காகக் கிடந்தவர்களுக்காக, பத்திரிகைச் செய்தியை வைத்து வந்த உசைனாரா காத்தூன் வழக்கு 1979இல். நீதியரசர்கள் பகவதியும் கிருஷ்ண ஐயரும் இருந்த அந்தக் காலத்தில் தபாலில் வந்த கடிதத்தையே மனுவாக எடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலப் பெயரில் உள்ள 'இன்ரறஸ்ற்' என்பதை அப்படியே எடுத்து 'பொது ஆர்வ வழக்கு' என்று எழுதுவது பிழை. சட்டத்தில் அது ஒரு விடயத்தில் ஒருவருக்குள்ள உரித்தையும் பாதிப்பையும் குறிக்கும், ஆகவே நலன். 'லிற்றிகேஷன்' லத்தீனில் பிணக்கைக் குறிக்கும் 'லிஸ்' என்பதிலிருந்து வந்தது, அதற்கு எங்களிடம் வழக்கு என்ற பழைய சொல்லே இருக்கிறது. பொதுநல வழக்கு, பொதுநலன் வழக்கு இரண்டும் சரி.

இலங்கை அரசியலமைப்பில் இந்தப் பெயரில் தனி உறுப்புரை கிடையாது. உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அடிப்படை உரிமை மனு, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்கும் எழுத்தாணை (ஒன்றைச் செய் அல்லது செய்யாதே என்று அரச அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் கட்டளை), பெரும்பாலும் இவைதான் வழி. (தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம் என்பதைத்தான் நாங்கள் உயர் நீதிமன்றம் என்கிறோம், செய்தி வாசிக்கும்போது குழம்பவேண்டாம்.)

எங்களுக்குத் தெற்கே, அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் நடந்ததை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொஸ்பேற் அகழும் ஒப்பந்தத்தை எதிர்த்து, அங்கே காணி பூமியோடு வாழ்ந்த 7 பேர் உயர் நீதிமன்றம் போனார்கள், அவர்களில் ஒருவர் விகாராதிபதி. இது பொதுநல வழக்கு, 126 தனியாளின் உரிமைக்குத்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதியரசர் அமரசிங்க 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. நாட்டு மக்கள் எல்லோருடைய உரிமையோடும் பிணைந்திருக்கிறது என்பதற்காக அவர்களுடைய சொந்த உரிமை இல்லாமல் போகாது என்றார். பொதுநலம் என்றால் சொந்தப் பாதிப்பு துளியும் இருக்கக்கூடாது என்று எங்கள் ஆட்கள் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள், அது தேவையே இல்லாத தயக்கம். மறுபக்கம், யாழ்ப்பாணத்துச் சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் வெளியூர்ச் சூழல் ஆர்வலர். 2019இல் ரூபா 2 கோடி இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

அடிப்படை உரிமை மனுவுக்குக் காலம் ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவின் அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது.