முதல் இரட்டை விண்மீன்கள் ஏன் விலகிப் போயின?

பெருவெடிப்புக்கு 10 முதல் 20 கோடி ஆண்டுகளுக்குப் பின் முதல் விண்மீன்கள் பிறந்தன. அவற்றில் பல தனியாகப் பிறக்கவில்லை என்கின்றன கணினி உருவகங்கள்.

அன்றிருந்த வாயுவில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், கூடத் துளி லித்தியம். வெப்பத்தை வெளியேற்றிக் குளிர்விக்கத் தூசி இல்லை, கார்பன் இல்லை. அதனால் அந்த மேகங்கள் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் குளிர்ந்தன. இன்று விண்மீன் பிறக்கும் மேகங்கள் மைனஸ் 260 டிகிரி வரை போகும். சூடான மேகம் சரியும்போது வாயு வேகமாகக் கொட்டும். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சூரியனின் நிறை அளவு. சுழன்றபடி விழுவதால் அது நேராக மையத்துக்குப் போகாமல் தட்டையான வட்டாகத் தேங்குகிறது. விண்மீன் உள்வாங்குவதைவிட வேகமாக வட்டு நிரம்பினால், தன் கனத்தாலேயே துண்டுபடும். பல துண்டுகள் மைய விண்மீனுக்குள்ளேயே போய் விழுந்துவிடும். தப்பியது துணை விண்மீனாகிறது.

அப்புறம் அந்த இரண்டின் இடைவெளி என்னவாகும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோண உந்தம் என்பது சுற்றும் வேகத்தையும் மையத்திலிருந்து உள்ள தூரத்தையும் சேர்த்துச் சொல்லும் சுழற்சியின் அளவு. ஒரு கிலோவுக்கான கோண உந்தம் மாறாமல் நிறை மட்டும் இரண்டு மடங்கானால் இடைவெளி பாதியாகும். நிறை மாறாமல் அந்தக் கோண உந்தம் இரண்டு மடங்கானாலோ, இடைவெளி நான்கு மடங்காகும். மேகம் உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் சரிகிறது. பிந்தி வரும் வாயு தொலைவிலிருந்து வருவதால் அதிகக் கோண உந்தத்தைச் சுமந்து வருகிறது. அதை விழுங்க விழுங்கப் பாதை விரிகிறது.

எதிர்த்திசையில் இழுப்பதும் வாயுதான். இணையைச் சுற்றியுள்ள வட்டில் எழும் சுருள் கரங்கள் விண்மீன்களின் கோண உந்தத்தைப் பறித்து வெளியே கடத்துகின்றன, பாதை சுருங்குகிறது. இந்த இழுபறியில் விரிவே வெல்லும் என்று பல உருவகங்கள் காட்டுகின்றன. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சிறிய விண்மீன் நிறை மையத்திலிருந்து தள்ளி, வரும் வாயுவுக்கு அருகில் சுற்றுவதால், அதற்கே பெரும்பங்கு கிடைக்கிறது. அதனால் இரண்டின் நிறையும் நெருங்கி வருகிறது.

கடைசியில் விண்மீன்களின் புறஊதா ஒளி வாயுவைச் சூடாக்கித் துரத்திவிடும். வளர்ச்சி நிற்கும், பாதையும் ஏறக்குறைய அப்படியே நிலைக்கும். ஆய்வாளர் சுகிமுராவின் குழுவினர் 2020-இல் வெளியிட்ட உருவகத்தில் 60, 70 சூரிய நிறை கொண்ட இரண்டு விண்மீன்கள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 10,000 மடங்குக்கும் மேல் விலகி நின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளி போகவே ஏறத்தாழ இரண்டு மாதம்.

இங்கேதான் சிக்கல். 2015-இல் முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பலை (காலவெளியில் பரவும் அதிர்வு), 36, 29 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகள் மோதியதில் எழுந்தது. முதல் விண்மீன்களின் எச்சங்களாக இருக்கலாமோ என்று அவற்றைப் பற்றிப் பேசப்பட்டது. ஆனால் தலா 30 சூரிய நிறையுள்ள இரு கருந்துளைகள் வட்டப்பாதையில் சுற்றினால், பிரபஞ்சத்தின் வயதுக்குள் மோத, புதன் சூரியனைச் சுற்றும் தூரத்தைவிட நெருக்கமாக இருக்கவேண்டும். இடைவெளி இரட்டித்தால் காத்திருப்பு 16 மடங்காகும்.

ஆகவே இப்போது தேடல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அதே 2020 உருவகத்தில், விலகிய இரண்டில் ஒன்றைச் சுற்றிச் சிறு துணைகள் சிலவும் இருந்தன. அப்படி அருகிலேயே பிறந்த துணைகள் எவ்வளவு நெருங்க முடியும் என்பதே கேள்வி.