விரலைப் பார்த்தால் பயம் குறையுமா?

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஏதோ மந்திரிக்கிற மாதிரிதான் தெரியும். விபத்தில் சிக்கி மீண்ட ஒரு பத்து வயதுக் குழந்தையை எதிரே உட்கார வைத்து, அந்தச் சம்பவத்தில் ரொம்ப மோசமான காட்சியை மனதில் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சிகிச்சையாளர் தன் இரண்டு விரல்களை அதன் கண்முன்னே இடமும் வலமுமாக ஆட்டுகிறார். குழந்தை தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடர்கிறது. அரை நிமிடம் போனதும் நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்று கேட்கிறார். குழந்தை ஏதோ சொல்கிறது. அதை அலசுவதும் இல்லை, அறிவுரையும் இல்லை. "சரி, அதையே நினைச்சுக்கோ" என்று மறுபடியும் விரல் ஆடத் தொடங்குகிறது.

இதுதான் இ.எம்.டி.ஆர். (EMDR), அதாவது கண்ணசைவின் துணையோடு மோசமான நினைவுகளின் உறுத்தலைக் குறைக்கும் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் வேகமாக அங்குமிங்கும் ஓடினால் மனதை அரிக்கும் எண்ணங்களின் வீரியம் குறைவதைக் கவனித்ததாகச் சொல்லி உருவாக்கிய முறை. பூங்காக் கதையைக் கேட்டு நிறைய பேர் சிரித்தார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் 2013-இல் உலக சுகாதார நிறுவனமே பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன பாதிப்பு) உள்ள பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் இதைப் பரிந்துரைத்தது.

எப்படி வேலை செய்கிறது? எனக்கு நம்பும்படியாக இருப்பது நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த விளக்கம். நாம் எதையாவது நினைத்துப் பார்க்கும்போது மூளையில் அதற்கான தற்காலிக இடம் ரொம்பக் குறைவு. சின்ன மேசை மாதிரி, ஒரே நேரத்தில் இரண்டு பெரிய பொருள்களை விரித்து வைக்க முடியாது. பயங்கரக் காட்சியை நினைத்துக்கொண்டே விரலையும் துரத்தினால், காட்சிக்குப் போதிய இடம் கிடைக்காமல் மங்குகிறது, கூடவே அதன் உறுத்தலும் குறைகிறது. வெளியே எடுத்த நினைவு திரும்பிப் போகும்போது அந்த மங்கிய வடிவத்திலேயே பதிகிறது என்பது அடுத்த படி. அப்படியானால் கண்தான் வேண்டும் என்று இல்லையே? இல்லைதான். கடினமான எண் கணக்கு போட்டாலும் காட்சி மங்குகிறது. சும்மா உட்கார்ந்து காதில் மாறி மாறி பீப் ஒலி கேட்பதற்கு அவ்வளவு பலன் இல்லை, ஏனென்றால் அதில் மூளைக்கு வேலையே இல்லை.

இதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2001-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கண்ணசைவை எடுத்துவிட்டாலும் பலன் அதேதான் என்றார்கள்; 2013-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு கண்ணசைவால் கூடுதல் பலன் உண்டு என்றது.

குழந்தைகளிடம் எனக்கு முக்கியமாகப் படுவது விரல்கூட இல்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. வெட்கத்தாலோ பயத்தாலோ வாயே திறக்காத பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்களிடம் உறுத்தலை 0 முதல் 10 வரை எண்ணில் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளோ "இவ்ளோ" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினால் போதும். காட்சியை வரையலாம். கண்ணால் தொடர முடியாத வயது என்றால் முழங்காலில் மாறி மாறித் தட்டுவார்கள். 1997-இல் மெக்ஸிகோவின் அகாபுல்கோ நகரை 'பாலின்' என்ற புயல் தாக்கிய பிறகு, பிழைத்த பிள்ளைகளுக்காக லூசினா ஆர்டிகாஸ் என்ற சிகிச்சையாளர் கொண்டுவந்த பட்டாம்பூச்சி அணைப்பும் உண்டு: கைகளை மார்பில் குறுக்கே வைத்து, தாமே மாறி மாறித் தட்டிக்கொள்வது. பேச்சு வராத வயதில் நடந்தது என்றால் அம்மாவோ அப்பாவோ கதையாகச் சொல்ல, குழந்தை மடியில் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு சம்பவத்தால் வந்த பாதிப்புக்கு சில அமர்வுகளிலேயே நல்ல மாற்றம் தெரிவதுண்டு. வருடக்கணக்கில் நடந்த கொடுமைக்கு அப்படி எதிர்பார்க்கக் கூடாது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, 7 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு முதலில் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் பேசி மாற்றும் சிகிச்சை), அது ஒத்துவராவிட்டால்தான் இது என்கிறது.

அப்புறம், வீடியோ பார்த்து வீட்டிலேயே விரலாட்ட வேண்டாம். மொத்தம் எட்டுக் கட்டங்களில் விரல் ஆடுவது பாதியில்தான் வருகிறது. அதற்கு முன்பே, நினைவு கிளறப்பட்டால் குழந்தை தன்னைத் தணித்துக்கொள்ளப் பாதுகாப்பான ஓர் இடத்தைக் கற்பனை செய்யப் பழக்குகிறார்கள். அடிப்பவர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார் என்றால், முதல் வேலை குழந்தையை அங்கிருந்து காப்பாற்றுவது. சிகிச்சை அதற்குப் பிறகு.