சரளுக்கும் தாருக்கும் ஒரே டயர்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள், பின் டயர் தேய்ந்து நூல் தெரிகிறது. வாரநாட்களில் நாகர்கோவில் வரை தார் ரோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சிப்பாறைக் கால்வாய்க் கரையில் சரள் பாதை. கடையில் பெரிய பட்டன் (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) வைத்த டயரைத்தான் எடுத்துக் காட்டுகிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம், பட்டன் இல்லாவிட்டால் வழுக்குமே என்பார்கள். காருக்கு அது சரி. சைக்கிள் டயர் ஒல்லியானது, உருண்டையானது, காற்றழுத்தமும் கூடுதல். தண்ணீரைத் தானே ஒதுக்கிவிடும். விமானச் சக்கரங்களுக்காக நாசா கண்டறிந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) டயர் தண்ணீர்மேல் மிதக்க மணிக்கு 118 கி.மீ. வேகம் வேண்டும். நீங்கள் போகப்போவதில்லை. பட்டனுக்கு வேலை இருப்பது புதையும் சேற்றில்தான். தாரில் அது வளைந்து நெளிந்து உழைப்பைத் தின்னும்.

சரி, அப்போது பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அவை ஆங்காங்கே பிணைந்துகொள்ளும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. அமுக்கும்போது அந்தச் சங்கிலிகள் வெந்த சேமியாவைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. விட்டால் பழையபடி திரும்புகின்றன. ஆனால் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்புவதில்லை. உரசலில் ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. ஹிஸ்டெரிசிஸ் என்பது இதுதான். தரையைத் தொடும் இடத்தில் டயர் சப்பையாகி, தாண்டியதும் நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழப்பு.

அப்படியானால் ஆற்றலை விழுங்காத ரப்பரே நல்லது என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், பிடிப்பும் அந்த விழுங்கலில் இருந்துதான் வருகிறது. ரப்பர் தரையோடு ஒட்டும் விசை ஒன்றும் உண்டு, ஆனால் நனைந்த ரோட்டில் அது குறைந்துவிடும். மிஞ்சுவது இதுதான்: தாரில் துருத்தி நிற்கும் ஒரு ஜல்லி முனையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது ரப்பர் அந்த முனையில் மோதி அமுங்குகிறது. முனையைத் தாண்டியபின் சட்டென்று நிமிராமல் சோம்பலாக நிமிர்கிறது. முனையின் ஒரு பக்கம் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு. இந்த வித்தியாசம்தான் வழுக்கலை எதிர்க்கும் விசை. உடனே துள்ளி நிமிரும் ரப்பராக இருந்தால் வித்தியாசமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

ஆக, வேகமா பிடிப்பா? இரண்டுக்கும் வழி இருக்கிறது. உங்கள் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் டயரின் ஒரே இடம் வினாடிக்கு இரண்டரை முறைதான் அமுங்குகிறது. வழுக்கும்போதோ, வினாடிக்கு 1 மீட்டர் நழுவினாலும் ஒரு மில்லிமீட்டர் சொரசொரப்பு ரப்பரை வினாடிக்கு 1000 முறை குத்துகிறது. மெதுவான அமுக்கத்தில் துள்ளி நிமிர்ந்து, வேகமான குத்துக்குச் சோம்பும் ரப்பரைச் செய்துவிட்டால்? டயர் ரப்பரில் வழக்கமாகக் கலக்கும் கரித்தூளில் ஒரு பகுதிக்குப் பதிலாக, மணலில் இருக்கும் சிலிகா என்ற பொருளைச் சேர்த்துச் செய்துவிட்டார்கள். 1990களில் மிஷலின் நிறுவனம் இதைக் கார் டயரில் கொண்டுவந்தது. இன்று நல்ல சைக்கிள் டயர்களிலும் சிலிகா உண்டு.

குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் விடியுமுன் ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்து அனுப்புகிறோம். கலவையின் சூட்சுமம் வேறெங்கோ இருக்கிறது. ஓர் இரும்பு உருளை, ஒரு மோட்டார், வாட் அளக்கும் கருவி இருந்தால் டயரின் இழப்பை அளந்துவிடலாம். இங்குள்ள கல்லூரி மாணவர்களுக்கு அரசு அந்தக் காசைக் கொடுக்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

இனி அகலம். பின் சக்கரத்தில் 50 கிலோ சுமை, 50 பிஎஸ்ஐ காற்று என்றால் தரையில் படும் பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். ஒல்லி டயரோ அகல டயரோ, பரப்பு கிட்டத்தட்ட அதுவே. ஒல்லி டயரில் அது நீளவாக்கில் விழுவதால் டயர் அதிகம் சப்பையாகும். அதனால் ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர்தான் லேசாக உருளும். சரளில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கல்லின் மேட்டை டயரே வாங்கிக்கொள்ளும். கல்லு மாதிரி காற்றடித்த டயர் ஆளையே தூக்கிப் போடும்; அந்த ஆற்றல் உங்கள் முதுகிலும் தொடையிலும் வெப்பமாகத் தீரும்.

என் தேர்வு: 38 அல்லது 40 மி.மீ. அகலம், நடுவில் வழுவழுப்பு, ஓரத்தில் மட்டும் சின்னப் பட்டன். 65, 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 45 முதல் 50 பிஎஸ்ஐ, முன்னால் ஐந்து குறைவாக. ரொம்பக் குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். பழைய டயரின் பக்கவாட்டில் 35-622 என்பதுபோல அச்சிட்டிருக்கும். 35 டயரின் அகலம், 622 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. 622 மாறக்கூடாது. தாத்தா காலத்து 28 அங்குல சைக்கிளின் டயர் 635, அது இந்த ரிம்மில் நிற்காது. அகலத்தைக் கூட்டுமுன் ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

பின் டயர் தேய்ந்திருந்தாலும் புதியதை முன்னால் போட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுவோம். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதும் வைக்காததும் உங்கள் விருப்பம், பிடிப்பு அதனால் கூடாது. புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் சில கிலோமீட்டர் வளைவுகளில் நிதானமாகப் போங்கள்.