அருவிப் படத்துக்கு ஏற்ற மேகமும் ஆற்று வெள்ளமும்

கோலாலம்பூரைச் சுற்றி அருவிகளுக்குப் பஞ்சமில்லை. கோம்பாக் பக்கம் சுங்கை பீசாங், ரவாங் சாலையில் ஏழு அடுக்குகளாக இறங்கும் கஞ்சிங், கோலகுபு பாருவைத் தாண்டி, ஆற்றைப் பல முறை கடந்து சென்றால் சீலிங். செந்தூலிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, படத்தில் தண்ணீர் நூல் நூலாக விழ எந்த லென்ஸ் வாங்க வேண்டும்?" லென்ஸுக்கு இதில் பெரிய பங்கில்லை. கேமராவுக்குள் ஒளியை விடும் திரையான ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அடிவாரத்தைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஷட்டர் 1/1000 நொடி மட்டும் திறந்தால் அதற்குள் ஒரு துளி ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகராது. படத்தில் உறைந்து நிற்கும். கால் நொடி திறந்தால் அதே துளி மூன்றரை மீட்டர் இறங்கிவிடும்; படத்தில் பதிவது அது கடந்த தடம். அப்படிப்பட்ட தடங்கள் சேர்ந்ததே அந்த நூலிழைகள். பல நொடிகள் திறந்து வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் தடங்கள் இழைகளை அழித்து, வெறும் வெண்புகையை விட்டுவைக்கும். கால் நொடிக்கும் அரை நொடிக்கும் இடையில் நின்றுகொள்வதே என் விருப்பம். நீரின் பாய்ச்சல் எந்தப் பாறையில் மோதி எங்கே திரும்புகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

நிறமற்ற நீர் விழும்போது ஏன் வெள்ளையாகிறது? கல்கண்டு ஒளியை ஊடுருவ விடும். இடித்துப் பொடியாக்கினால் வெள்ளை. விழும் நீர் துளிகளாக உடைகிறது, காற்றுக் குமிழ்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்றும் நீரும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி திரும்பியும் வளைந்தும் எல்லா நிறங்களும் ஒரே அளவில் சிதறுவதால் கண்ணுக்கு வெண்மை கிடைக்கிறது. அந்த வெண்மைக்குப் பக்கத்திலேயே ஈரத்தில் கறுத்த பாறை நிற்கிறது. கேமரா தடுமாறுவது இங்கேதான். இலைகளுக்கு நடுவே நேர்வெயில் புகுந்து நுரைமேல் விழுந்துவிட்டால், ஒரே படத்தில் நுரையையும் பாறையையும் காப்பாற்ற எந்த சென்சாராலும் எளிதில் முடியாது. மேகம் மூடினால் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் மென்மையாக இறங்குகிறது, இரண்டும் படத்தில் அடங்குகின்றன.

ஒளியைக் குறைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறக்க உதவும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டருக்குப் பணம் செலவழிக்கும் முன் காட்டையே நம்பிப் பாருங்கள். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்துசேர்வது சூரிய ஒளியில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 11 என்று வைத்தால் திறந்த வெயிலில் ஏறக்குறைய 1/200 நொடி போதும். ஒளி ஐம்பதில் ஒரு பங்காகும்போது நேரம் ஐம்பது மடங்காக வேண்டும்: கால் நொடி! நமக்கு வேண்டிய அளவு அப்படியே வந்துவிடுகிறது. அருவிக்கு மேலே கிளைகள் விலகி வானம் தெரிந்தால் கணக்கு மாறும் என்பது உண்மை. அப்போது போலரைசர் உதவும்; லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் வளைய ஃபில்டர் அது. அது வரும் ஒளியில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். அதைவிட முக்கியம், ஈரப் பாறையிலும் நீர்ப்பரப்பிலும் படியும் பளபளப்பை அது நீக்குவது. நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது, எதிரொளிக்கும் ஒளி அலைகள் ஒரே திசையில் மட்டுமே அதிர்கின்றன. வளையத்தைத் திருப்பி அந்தத் திசையை அடைத்துவிட்டால் ஆற்றின் அடிக்கல்வரை தெரியும்.

ஆனால் படத்துக்கு நல்லது செய்யும் அந்த மேகம், மலைமேல் மழையாகவும் இறங்கலாம். நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாதபோது, மேலே சில கிலோமீட்டர் தொலைவில் கொட்டித் தீர்த்திருக்கலாம். செங்குத்தான சரிவு, ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்; உறிஞ்ச இடமில்லாத நீர் மொத்தமாக ஓடைக்கு வருகிறது. ஆழமான நீர் ஆழமற்ற நீரைவிட வேகமாக ஓடும் என்பதால், பின்னால் வரும் பெருக்கு முன்னால் போகும் மெல்லிய ஓட்டத்தை எட்டிப் பிடிக்கிறது; அலையின் முகம் செங்குத்தாகிறது. நம் ஊரில் கெபாலா ஆயர் என்று சொல்லி அஞ்சுவது இதைத்தான். விழுந்த மரங்களும் சருகும் எங்காவது அணைபோல் அடைத்திருந்து உடைந்தால் வேகம் இன்னும் கொடியது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரும் விழுந்துவிடுவார்.

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. காலை வெயிலில் சூடான ஈரக்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து மேகமாகத் திரள அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அதனால் விடிந்ததும் ஏறி, நண்பகலுக்குள் ஆற்றைவிட்டு வெளியேறுவதே முறை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் இந்த விதியை முழுதாக நம்ப முடியாது. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' புயல்மழை விடியற்காலையிலேயே கரையைத் தொடும். முந்தின இரவும் விடியற்காலையும் பெய்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அருவியின் இரைச்சல் மேலே இடிக்கும் இடியை விழுங்கிவிடும், ஆகவே காதை நம்பாதீர்கள். கேமராவைப் பொருத்தியதும் எதிரே ஒரு பாறையில் நீர்மட்டம் எங்கே தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதைப் பாருங்கள். போலரைசரில் தெளிவாகத் தெரிந்த அடிக்கல் மங்குவது, நுரையின் வெண்மை தேநீர் நிறமாக மாறுவது, பச்சை இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, இவற்றில் ஒன்று போதும். டிரைபாடை மடக்கக்கூட நிற்காமல் கரையின் மேட்டில் ஏற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. சீலிங் போன்ற பாதையில் ஆற்றைக் கடக்கும் அடுத்த இடம் வெள்ளத்தால் அடைபட்டிருந்தால் அங்கேயே காத்திருங்கள். இந்தச் சிற்றாறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது. மேலே மழை நின்றபின் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும்.