கணக்குக் கேட்டவர் துரோகி அல்ல

மியன்மாரின் யாங்கூனில் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கிறிஸ்தவச் சபைக் கணக்கு என்றால் கூலி வாங்குவதில்லை. ஆனால் சபைக்காரர்கள் என்னிடம் வருவதே இரண்டு தரப்புக்கும் பேச்சு நின்றுபோன பிறகுதான். சமீபத்தில் பார்த்த ஒரு விவகாரத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலேயும் சகாயிங்கும் இடிந்து கிடந்தபோது, ஒரு தமிழ்ச் சபையார் மனமுவந்து நிவாரணக் காணிக்கை எடுத்தார்கள். ஒரு சகோதரர் அதை வாங்கிக்கொண்டு வடக்கே போனார். அரிசி, தார்ப்பாய், மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கொண்டுவந்த கணக்கு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலே வரி. "அரிசி, டீசல், தார்ப்பாய், அந்த அம்மாவுக்கு." தேதி கிடையாது, கடைப்பெயர் கிடையாது, எல்லாத் தொகையும் லட்சத்தில் முழு எண். (செலவுக் கணக்கில் உடைந்த எண் ஒன்றுகூட இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் வராது. உண்மையான செலவு அப்படி அழகாக முடிவதே இல்லை.)

கமிட்டியில் ஒரு அக்கா மட்டும் "பில் ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "விசுவாசம் இல்லையா அக்கா உங்களுக்கு?" என்று பக்கத்திலிருந்தவர் அடக்கிவிட்டார். அவ்வளவுதான், எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாய் வீட்டுக்குப் போய்த் திறந்தது. நாலைந்து மாதத்தில் அந்தச் சகோதரர் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள்கூட நிவாரணப் பணமாகிவிட்டது.

நான் அரிசிக் கடையிலும் பொருள் வாங்கிய குடும்பங்களிடமும் போனில் விசாரித்தேன். எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மனுஷர் ஒரு காசு தொடவில்லை, கைக்காசும் போட்டிருக்கிறார். அதைச் சொல்ல நான் உட்கார்ந்தபோது ஆராதனை இரண்டு வீடுகளில் நடந்துகொண்டிருந்தது. யோக்கியமான ஒருவருடைய பெயரை, கேள்வி கேட்காத அன்பே கெடுத்துவிட்டது.

விசுவாசிகளுக்குள் கணக்குக் கேட்டால் ஐக்கியம் போய்விடும் என்று யார் சொன்னது? சொல்கிறவர்கள் வசனத்தோடுதான் வருகிறார்கள். 2 இராஜாக்கள் 12:15: ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் பெற்றவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள். சரி ஐயா, அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசியுங்கள். யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் பணத்தை வாங்கினார்கள், ஆலயம் மட்டும் பழுதாகவே நின்றது. ராஜா கூப்பிட்டுக் கேட்டான். அப்புறம்தான் மூடியில் துளை போட்ட பெட்டி பலிபீடத்தின் அருகே வந்தது. பெட்டி நிறைந்ததும் எண்ணியது யார்? ராஜாவின் சம்பிரதியும் (கணக்கெழுதுகிறவர்) பிரதான ஆசாரியனும். ஒருவர் அரண்மனை ஆள், ஒருவர் ஆலயத்து ஆள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, பையில் கட்டி, அதன் பிறகே கொடுத்தார்கள். 15-ஆம் வசனத்தின் நம்பிக்கை 10-ஆம் வசனத்தின் மேல் நிற்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

இன்னொரு வசனம், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது. அது தர்மம் செய்கிறவர் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பதற்குச் சொன்னது. அடுத்தவர் தர்மத்தைச் சுமக்கிற பொருளாளருக்குச் சொன்னதில்லை.

பவுலைப் பாருங்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த பணம், நம் நிவாரணக் காணிக்கை மாதிரியேதான். பவுலைவிட நம்பிக்கையான ஆள் வேண்டுமா? அவரே தனியாகப் பணம் சுமக்க ஒப்பவில்லை. தன் உடன்வேலையாளான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார், அதில் ஒருவர் சபைகளே தேர்ந்தெடுத்தவர். காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-இல் வெளிப்படையாக எழுதுகிறார்: இந்தப் பணத்தைக் குறித்து யாரும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யப் பார்க்கிறோம். "கர்த்தருக்குத் தெரியும்" என்று எனக்குப் பதில் சொல்கிற பொருளாளர்களே, கர்த்தருக்குத் தெரியும்தான். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியாதே.

அப்போஸ்தலர் 6-ஐயும் ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று கிரேக்கு மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். ஐக்கியத்தைக் கெடுக்காதே என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது. நம் கமிட்டிகளில் குறை சொன்னவரை அடுத்த தேர்தலில் எப்படிக் கழற்றிவிடுவது என்றல்லவா யோசிக்கிறோம்?

நம் ஊரில் கணக்குக் கேட்காததற்கு வேறு சில காரணங்களும் உண்டு. 1964-இல் கடைகள் அரசுடைமையான பிறகு எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறிவிட்டன. மிச்சமிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்து, சபையே சொந்தக்காரர் கூட்டமாகிவிட்டது. பொருளாளரிடம் கணக்குக் கேட்பது மச்சானிடம் கேட்பதாகிறது. கல்யாண வீட்டில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று விட்டுவிடுகிறோம்.

பணத்தை வங்கியில் போடவும் பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. 2003-இல் தனியார் வங்கிகள் முன்னால் கூட்டம், 2021-க்குப் பிறகு மறுபடி ஏடிஎம் வரிசை. அதனால் காணிக்கை ஒரு மூப்பர் வீட்டுப் பீரோவில் தங்கமாகத் தூங்குகிறது. தூங்கட்டும், ஆனால் எழுத்தில் தூங்கட்டும்.

காணிக்கையை ஆராதனை முடிந்ததும் அங்கேயே எண்ணுங்கள். எண்ணுகிற இருவர் அப்பா மகனாகவோ புருஷன் பெண்சாதியாகவோ இருக்க வேண்டாம். தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். கேபேயில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் செயலி) வருகிற காணிக்கை பொருளாளரின் சொந்த எண்ணுக்கு வரவே கூடாது. அவர் மகளின் ஃபீஸும் கர்த்தருடைய பணமும் ஒரே பட்டியலில் வந்தால் பிரித்துக் கொடுக்க என்னாலும் முடியாது. தவறாக எழுதிய எண்ணை அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு மேலே எழுதுங்கள். சந்தையில் பில் தரமாட்டார்களா? உங்கள் நோட்டிலேயே எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள், போனில் படம் எடுங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவரே பொருளாளராக வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கேட்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. சந்தேகம் வந்தால் முதலில் அவரிடமே தனியாகப் போங்கள், மத்தேயு 18 அதைத்தான் சொல்கிறது. வைபர் குழுவில் போடுவது தனியாகப் போவதல்ல. ஜெபத்திலே குத்துவதும் அல்ல. "ஆண்டவரே, எங்கள் பாளயத்தில் இருக்கும் ஆகானை வெளிப்படுத்தும்" என்று, யெரிகோவில் திருடி ஒளித்து வைத்த ஆகானின் பெயரைச் சொல்லி ஒருவர் கண்ணை மூடி ஜெபிக்க, பொருளாளரின் மனைவி எழுந்து வெளியே போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்குச் சரியென்று தெரிந்துவிட்டால், சந்தேகத்தை எத்தனை பேரிடம் சொன்னீர்களோ அத்தனை பேரிடமும் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆளைக் காணோம்.

அப்புறம் அந்தப் பீரோத் தங்கம். மூப்பர் கண்ணை மூடிய பிறகு, எது அப்பாவுடையது, எது சபையுடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை, உண்மையிலேயே தெரியாது. அவர் நன்றாக இருக்கும்போதே நாலு பேர் ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். எடை போட்டு எழுதுங்கள். அவரும், அவர் பிள்ளைகளில் ஒருவரும், சபையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். ஒரு பிரதி அவரிடம், ஒன்று போதகரிடம், ஒன்று சொந்தமில்லாத ஒருவரிடம். தாத்தா முதலில் முகத்தைச் சுளிப்பார். டீ வந்ததும் அவரே தராசைத் தேடுவார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.