இரண்டு கம்பிகள், மூன்றாவது ஒலி

"கிதாரில் ஆறு கம்பிகள் இருக்கின்றன. ஒருவரே இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்துவிடலாம். பிறகு எதற்கு இந்த ஜெர்மன் மெட்டல் குழுக்களில் இரண்டு கிதார் கலைஞர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் குழு 1987இல் வெளியிட்ட 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' முதல் பகுதியைக் கேட்டபோது எழுந்த சந்தேகமாம். மெட்டல் எனும் உரத்த ராக் இசையில், பவர் மெட்டல் என்ற வகைக்கு அடித்தளம் போட்ட ஆல்பங்களில் அது ஒன்று. பதினெட்டு வயதில் குழுவில் சேர்ந்த மைக்கேல் கிஸ்கேயின் உச்சஸ்தாயிக் குரலைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். என் மனம் கிதார்களின் பின்னால்தான் போகும்.

கை ஹான்சன், மைக்கேல் வைகாத் என்று குழுவில் அப்போது இருவர். ஒரு கிதார் ஒரு மெட்டைப் பாட, இன்னொன்று அதே மெட்டை இரண்டு சுரம் தள்ளி மேலே பாடிக்கொண்டே கூட வரும். ச பாடும்போது க, ரி பாடும்போது ம. பவர் மெட்டலின் இனிப்பே அங்கேதான் இருக்கிறது. அந்த இனிப்பை ஒரே கிதாரில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் எடுக்க முடியாது. காரணம் கைத்திறன் அல்ல, இயற்பியல்.

கம்பி அதிர்கிறது, அதன் அடியிலுள்ள காந்தச் சுருள் அதை மின்சாரமாக்குகிறது, ஆம்ப்ளிஃபயர் அதை வலுவாக்குகிறது. ஒலியளவை அளவுக்கு மீறித் திருகினால் ஆம்ப்ளிஃபயரால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. அலையின் முகடுகள் மொட்டையாக வெட்டப்படுகின்றன. மெட்டல் இசையின் உறுமல் அந்த வெட்டுதான்.

வெட்டுப்பட்ட அலைக்குள் நடப்பது எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் சலிப்பதில்லை. காற்றில் இரண்டு ஒலிகள் சந்தித்தால் ஒன்றோடொன்று கூடும், அவ்வளவுதான். பிரிந்து போகும்போது இரண்டும் பழையபடி இரண்டுதான். முகட்டை வெட்டும் ஆம்ப்ளிஃபயரோ ஒலிகளை ஒன்றோடொன்று பெருக்கிவிடுகிறது. இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் என்ன வரும் என்று பிளஸ் டூ முக்கோணவியலில் படித்திருப்பீர்கள்: கூட்டலுக்கு ஒரு கொசைன், கழித்தலுக்கு ஒரு கொசைன். அதாவது யாரும் மீட்டாத புதிய ஒலிகள்.

கிதாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதைச் ச என்று வைத்துக்கொண்டால் அதன் ப 123.5 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து மீட்டுவதைத்தான் மெட்டல்காரர்கள் 'பவர் கார்ட்' என்கிறார்கள். கழித்துப் பாருங்கள்: 41.1. சவை இரட்டித்துப் பவைக் கழித்தாலும் 41.3. இரு வழியில் போனாலும் ஏறக்குறைய ஒரே இடம்! அந்த 41 ஹெர்ட்ஸ் எது? மீட்டிய சவுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள ச. பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் சுரம். கிதாரில் அந்தக் கம்பியே கிடையாது, ஆனால் அதன் ஒலி வருகிறது. ச, ப இரண்டும் 2:3 விகிதம் என்பதால் எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் கிடைப்பவை எல்லாம் 41இன் மடங்குகளாகவே வந்து விழுகின்றன. இரண்டு கம்பிகள் ஒரே பிரம்மாண்டமான சுரமாகிவிடுகின்றன.

இப்போது பவுக்குப் பதிலாக அந்தர காந்தாரத்தை, அதாவது கவை, வையுங்கள். கிதாரில் அது 103.8 ஹெர்ட்ஸ். பிறப்பவை 21.4, 61, 125.2 என்று சவோடும் கவோடும் சுருதி சேராத ஒலிகள். போதாததற்கு, கிதாரின் காந்தாரம் இயற்கையான 4:5 விகிதத்தைவிடச் சற்று உயர்ந்தது. அதனால் சவின் ஐந்தாம் மடங்கும் கவின் நான்காம் மடங்கும் ஒட்டாமல் ஒலி கூடிக் குறைந்து நொடிக்கு மூன்று விம்மல்கள் எழும். இனிமையான இணை சேறாகிவிடுகிறது.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான். சவை ஒரு கிதார் தன் ஆம்ப்ளிஃபயரிலும், கவை இன்னொன்று தன்னுடையதிலும் வாசித்தால் இரண்டும் தனித்தனியாக வெட்டுப்படுகின்றன. அவை சந்திப்பது காற்றில். காற்று கூட்ட மட்டுமே செய்யும், பெருக்காது. சுருதி சேராத அந்தப் புதிய ஒலிகள் பிறக்க வழியே இல்லை. ஸ்டூடியோவில் ஒரே ஆள் இரண்டு முறை வாசித்துத் தனித்தனித் தடங்களில் பதிவு செய்தாலும் இதே பலன்தான்.

இந்த 'கழித்தல் ஒலி' மின்சாரத்துக்கும் முந்தியது. ஜெர்மானிய ஆர்கன் கலைஞர் ஸோர்கே 1745இலும், இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி 1754இலும் இதைப் பற்றி எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார். இசை ஒலி பற்றிய அவருடைய நூலைத் தன்னை உருவாக்கிய நூல்களில் ஒன்றாகச் சொன்னவர் நம் சர் சி.வி. ராமன், மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்தவரும் அவரே. இன்று ஒரு மாணவர் இசைக்கருவி ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

பயன் வேண்டுமா? நம் உட்செவியும் ஒலியை வெட்டிப் பெருக்குகிற ஓர் ஆம்ப்ளிஃபயர்தான். அங்கு ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் நலமாக இருந்தால், இரண்டு ஒலிகளை உள்ளே அனுப்பும்போது காது மூன்றாவதை உண்டாக்கி வெளியே அனுப்பும். காது தானே ஒலி எழுப்புகிறது என்பதை 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் அளந்து காட்டினார். பச்சிளம் குழந்தைகளின் கேட்கும் திறனைச் சோதிக்கும் முறைகளில் ஒன்று இதில்தான் நிற்கிறது. ஒரு சிறு செருகியைக் காதில் பொருத்தி இரண்டு சுரங்களை அனுப்புவார்கள். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் வரும் சுரம் திரும்புகிறதா என்று உள்ளேயிருக்கும் நுண்ணிய மைக் கேட்கும். பவர் கார்டுக்கு நாம் போட்ட அதே கணக்கு. குழந்தை விழித்திருக்கக்கூட வேண்டாம். தூக்கத்திலேயே காது பதில் சொல்லிவிடும்.